பதினான்கு லிட்டர் மண்ணெண்ணெய்

அடையாறில் நான் இருபத்தாறு ஆண்டுகள் பணிபுரிந்த மலையேற்றப் பயிற்சி நிலையத்திலிருந்து சென்ற மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. உணவுத் திட்டப் படிவத்தைச் சுருக்கப் போகிறார்களாம். நான்கு பக்கங்களைக் கையால் நிரப்பும் வழக்கம் முடிந்து, கைப்பேசியில் ஒரு செயலி வந்துவிட்டது. எத்தனை பேர், எத்தனை நாள் என்று கொடுத்தால், அரிசி முதல் எரிவாயுக் குப்பி வரை அதுவே சொல்லிவிடுகிறது. படிவத்தின் முதல் பக்கத்தில் முதல் கட்டமாக இருக்கும் ‘தொடக்க நீர் வெப்பம்’ என்பது எதற்கு என்று இப்போது அங்கிருப்பவர்கள் எவருக்கும் தெரியவில்லை; நீக்கிவிடலாமா என்று கேட்டிருந்தார்கள்.

நீக்கக் கூடாது என்று ஒரே வரியில் பதில் அனுப்பினேன். காரணத்தை ஆண்டு மலருக்குக் கட்டுரையாக எழுதித் தரும்படி மறுநாளே கேட்டார்கள். எழுதுகிறேன். இதில் என் பெயருக்குப் பெருமை சேர்க்காத பகுதி உண்டு. அதை நானே எழுதுவதுதான் முறை. பிறர் வாயில் விழுந்தால் அது வேறு வடிவம் எடுக்கும்.

நான் வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன். கல்லூரி நாட்களில் விடுமுறைதோறும் மலையேறியதால், ஒரு மருந்துத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் கிடைத்த வேலையை மூன்றே ஆண்டுகளில் விட்டுவிட்டு இந்த நிலையத்தில் சேர்ந்தேன். உணவு, சமையல் கருவி, எரிபொருள் ஆகிய மூன்றும் என் பொறுப்பு. முதல் சில ஆண்டுகள் நீலகிரி, ஆனைமலை, பழனி மலைகளோடு கழிந்தன. அந்தக் காலத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. என் திட்டத்தை நம்பிப் போனவர் எவரும் பசியோடு திரும்பியதில்லை என்பது மட்டும் போதும்.

நிலையத்தின் தலைவர் ரெஜினா மேடம். சாந்தோமில் பல தலைமுறையாக வேரூன்றிய கத்தோலிக்கக் குடும்பம். பெண்கள் கல்லூரி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து, பின்னர் மலைக்கு வந்தவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் ஐந்து நாள் முன்னதாக, நான் கட்டி வைத்த உணவுப் பைகளை எல்லாம் கூடத்தின் தரையில் கவிழ்த்துவிடுவார். பிறகு சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுப்பார்.

“இது எதுக்கு, மிஸ்டர் ராகவன்?”

“அப்பளம், மேடம். எடையே இல்லை.”

“அப்பளத்துக்கு எடை இல்ல. பொரிக்க எண்ணெய் வேணும், எண்ணெய்க்கு எடை இருக்கு. பொரிச்ச சட்டியைக் கழுவத் தண்ணி வேணும், அந்தத் தண்ணிய யாராவது சுமக்கணும். அப்பளம் முக்கால் கிலோ.”

அப்பளம் ஒரு பக்கமாக நகர்த்தப்படும். விவாதம் முடிந்தது. ஒரு பொருளின் எடை என்பது அது பின்னால் இழுத்துக்கொண்டு வரும் எல்லாவற்றின் எடையும்தான் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தத் தரைதான். பருப்பை வறுத்துப் பொடியாக்கினேன். புளியைக் காய்ச்சி, மிளகாயும் உப்பும் சேர்த்து வில்லைகளாக வெயிலில் உலர்த்தினேன். சென்னையின் ஈரக்காற்று எந்தப் பொடியையும் இரண்டே நாளில் கட்டியாக்கிவிடும் என்பதால், காலை பத்து மணிக்குமேல் இரண்டு மணிக்குள் மட்டுமே பொட்டலம் கட்டுவோம். பாத்திரங்களுக்காகத் தி.நகர்க் கடைகளில் கைத்தராசோடு ஏறி இறங்கினேன். ஒரே அளவுள்ள எட்டு அலுமினியப் பாத்திரங்களை நான் மாற்றி மாற்றி நிறுத்துப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு ஒரு கடைக்காரர், “சார், பாத்திரம் வாங்க வந்தீங்களா, பாத்திரத்துக்கு வரன் பாக்க வந்தீங்களா?” என்றார். அவருடைய கடையிலேயே வாங்கினேன். அதுதான் இருபத்தெட்டு கிராம் குறைவாக இருந்தது.

சமையலுக்கு ஏழுமலை இருந்தார். பட்டினப்பாக்கத்து மீனவக் குடும்பம். கடலுக்குப் போகும் படகுகளில் சிறு வயதிலிருந்தே சமைத்தவர். ஆடுகிற இடத்தில் அடுப்பு மூட்டத் தெரிந்தவருக்கு மலை ஒரு பொருட்டல்ல. எனக்கும் அவருக்கும் வயதில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனாலும் நான் அவரை ‘நீ’ என்றுதான் அழைத்து வந்தேன். அன்று அது எனக்கு இயல்பாகப்பட்டது.

அதுவரை இமயப் பயணங்களுக்கு உணவும் எரிபொருளும் அங்குள்ள ஏற்பாட்டாளர்களே தந்துவந்தார்கள். ஒரு கோடையில், முழுத் திட்டத்தையும் நாமே செய்யலாம் என்று ரெஜினா மேடம் முடிவெடுத்தார். பயிற்சி மாணவர்கள் எட்டுப் பேர், வழிகாட்டி ஒருவர், மேடம், நான், ஏழுமலை என்று பன்னிரண்டு பேர், சாலை முடியும் ஊரிலிருந்து ஒன்பது நாள், வழியில் பதினைந்தாயிரம் அடிக்கு மேல் ஒரு கணவாய். மண்ணெண்ணெயை ரயிலில் கொண்டுபோக முடியாது. அந்தக் கடைசி ஊரில் வாங்க வேண்டும். அதற்குமேல் ஒரு சொட்டும் கிடைக்காது. எவ்வளவு வாங்குவது என்பதை நான் சொல்ல வேண்டும்.

மே மாதத்தில் நிலையத்தின் மொட்டைமாடியில் மூன்று நாள் சோதனை நடத்தினேன். பம்ப் ஸ்டவ்வில் முழு நாள் சமையலையும் செய்து, ஒவ்வொரு முறையும் எரிந்த எண்ணெயை நிறுத்தேன். உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், அரிசி வேகாது என்பதால் பெரிய குக்கரைச் சேர்த்தேன். காற்றுக்கு ஈடாகத் தகரத் தடுப்பு செய்தேன். அதற்குமேலும் பாதுகாப்புக்காக ஒரு பங்கு கூட்டினேன். பதினான்கு லிட்டர் என்று வந்தது. தட்டச்சு செய்து, கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.

மலையில் மூன்றாம் நாள் மாலை கேன்களைத் தூக்கிப் பார்த்தேன். அதுவரை நான்கு லிட்டர் செலவாகியிருக்க வேண்டும். ஏழு லிட்டர் போயிருந்தது.

ஏழுமலையைக் கூப்பிட்டேன்.

“மூணு நாள்ல பாதி காலி. என்ன பண்ணினே?”

“இன்னா சார் பண்றது, எரிச்சேன். தண்ணி ஐஸாட்டம் கீது. அடுப்புல வெச்சா அசையவே மாட்டேங்குது.”

“உயரத்துல கொதிநிலை குறையும். அதுக்குத்தான் குக்கர் கொடுத்திருக்கு.”

“கொதிக்கறதப் பத்தி நான் பேசல சார். அது கெளம்பறதப் பத்திச் சொல்றேன்.”

அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. விளக்கம் சொல்லும் இடத்தில் நான் இருக்கிறேன் என்பதே என் மனத்தில் இருந்தது. அவர் மாலை நேரங்களில் குதிரைக்காரர்களின் கூடாரத்தில் போய் உட்கார்ந்து பீடி குடிப்பதையும், அங்கே ஒரு மண்ணெண்ணெய் விளக்கு எரிவதையும் நான் கவனித்திருந்தேன். அந்த இரண்டையும் சேர்த்து ரெஜினா மேடத்திடம் சொன்னேன். எண்ணெய் திருடினார் என்ற சொல்லை நான் பயன்படுத்தவில்லை. பயன்படுத்த வேண்டிய தேவை இல்லாதபடி சொன்னேன்.

மேடம் நான் கொடுத்திருந்த கணக்குத் தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு, “உங்க கணக்குல தப்பு இருக்க வாய்ப்பு இருக்கா?” என்று கேட்டார்.

“இல்லை, மேடம்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“இல்லை.”

மறுநாள் காலையில், கீழே இறங்கவிருந்த ஒரு குதிரைக்காரரோடு ஏழுமலை அனுப்பப்பட்டார். பயணச்சீட்டும் கைச்செலவும் கொடுத்து, மரியாதையாகத்தான் அனுப்பினோம். ஆனால் பயிற்சி மாணவர்கள் எட்டுப் பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுள் இருவர் பெசன்ட் நகர், ஒருவர் ஆழ்வார்பேட்டை. அன்று எங்களைக் கடந்து கீழே இறங்கிய வேறொரு குழுவும் சென்னைக்காரர்கள்தாம். செய்தி எங்களுக்கு முன்பாகவே ஊர் போய்ச் சேரும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. ஏழுமலை என்னிடம் ஒரே ஒரு சொல் கேட்டார்: “நெசமாவா சார்?” நான் அடுப்பின் பக்கம் திரும்பினேன்.

அன்றைய சமையலை நானே ஏற்றேன். என் கணக்கு சரி என்பதை என் கையாலேயே நிறுவ வேண்டும் என்ற பிடிவாதம். தகரத் தடுப்பை மும்முறை சரி செய்தேன். ஸ்டவ்வின் முனைத் துளையை ஊசியால் குத்திச் சுத்தம் செய்தேன். பாத்திரத்தின் மூடியைத் தேவையின்றி ஒருமுறைகூடத் திறக்கவில்லை. காலை, மதியம், இரவு மூன்று வேளையும் முடிந்தபின் கேனை நிறுத்துப் பார்த்தேன். ஒரு லிட்டர் முந்நூறுக்குள் இருக்க வேண்டிய செலவு இரண்டரை லிட்டரைத் தொட்டிருந்தது. ஏழுமலை எரித்ததைவிட நான் அதிகம் எரித்திருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை, வானிலைக் குறிப்புக்காக வைத்திருந்த வெப்பமானியை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன். தண்ணீரில் அமிழ்த்தினேன். இரண்டு பாகை செல்சியஸ்.

மே மாதத்து நண்பகலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கை வைத்திருப்பவர்களுக்கு மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை. குளிக்கக்கூட முடியாத சூடு அது. நாற்பது பாகைக்குக் குறையாது. நான் மூன்று நாளும் அந்தத் தண்ணீரைத்தான் ஸ்டவ்வில் ஏற்றினேன். பாதி வேலையைச் சென்னை வெயில் இலவசமாகச் செய்து முடித்திருந்தது. மீதிப் பாதிக்கான எண்ணெயை மட்டும் நான் நிறுத்தேன். தண்ணீர் எந்தச் சூட்டில் கொதிக்கும் என்று அத்தனை கவலைப்பட்ட வேதியியல் முதுகலைப் பட்டதாரி, அது எந்தச் சூட்டில் தொடங்குகிறது என்று ஒருமுறையும் கேட்டுக்கொள்ளவில்லை. ஏழுமலை கேட்டுக்கொண்டார். என்னிடம் சொல்லவும் செய்தார்.

ஓடைக்கரையில் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. யாரிடமும் சொல்லாமலே இருந்துவிடலாம் என்ற எண்ணம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். வந்தது. கேட்கவும் யாரும் இல்லை. ஆனால் மீதமிருந்த நான்கரை லிட்டரில் ஐந்து நாளைக் கடக்க வேண்டும். உண்மையான செலவை மறைத்துக்கொண்டு அதற்குத் திட்டம் போட இயலாது.

ரெஜினா மேடத்தின் கூடாரத்துக்குப் போய்ச் சொன்னேன். நின்றுகொண்டே கேட்டார். ஏழுமலையைப் பற்றி அப்போது ஒரு சொல்லும் சொல்லவில்லை.

“திரும்பிடலாமா?”

“வேண்டாம், மேடம். நடத்திக் காட்டறேன்.”

“எப்படின்னு காட்டுங்க.”

உணவுப் பைகளை அங்கேயே, கற்களின் மேல் விரித்த தார்ப்பாயில் கவிழ்த்தார். இம்முறை ஒவ்வொரு பொருளுக்கும் கேள்வி ஒன்றுதான்: இதற்கு நெருப்பு வேண்டுமா? அவலுக்கு வேண்டாம், ஊறினால் போதும். பருப்புப்பொடிக்கு வேண்டாம். சத்துமாவைக் குளிர்ந்த நீரிலேயே கரைக்கலாம். ரவையும் சேமியாவும் குதிரைக்காரர்களுக்குப் போயின. அவர்கள் எரிக்கச் சாண வறட்டி வைத்திருந்தார்கள். நான்கு வேளைத் தேநீர் இரண்டாயிற்று. இரவில் ஒரு வேளை மட்டும் சோறு. அதற்கு அரிசியைக் காலையிலேயே புட்டிகளில் ஊறப்போட்டு, ஆளுக்கொன்றாகப் பையில் சுமந்தோம். குக்கர் முதல் விசில் கொடுத்ததும் இறக்கி, இரண்டு கம்பளிகளிலும் ஒரு தூக்கப்பையிலும் சுற்றி வைத்துவிட்டால், முக்கால் மணி நேரத்தில் உள்ளிருக்கும் சூட்டிலேயே சோறு வெந்துவிடும்.

இவையெல்லாம் போதவில்லை. தண்ணீர்தான் எதிரி. அதற்கும் வழி கிடைத்தது. காலியான மண்ணெண்ணெய்க் கேனைத் தொடவில்லை. குடிநீருக்கென்று கொண்டுவந்த கறுப்புப் பிளாஸ்டிக் கேன்கள் நான்கு இருந்தன. நண்பகலுக்குள் முகாம் சேர்ந்துவிடுவோம். சேர்ந்த உடனே அவற்றை முக்கால் பங்கு நிரப்பி, காற்றுப் படாத பாறைச் சரிவில், கறுப்பு மழைக்கோட்டு ஒன்றின் மேல் படுக்க வைத்தேன். அந்த உயரத்தில் வெயில் கடுமையானது. நான்கு மணிக்கு வெப்பமானியை இட்டேன்: முப்பத்தொன்று. அடையாறு மொட்டைமாடித் தொட்டியை நான் மலைமேல் கட்டியிருந்தேன்.

பயிற்சி மாணவர்கள் முணுமுணுக்காமல் இல்லை.

“சார், இன்னிக்கும் அவலா?”

“கோயில் பிரசாதம்னு நெனச்சு முழுங்கு மச்சி.”

“பிரசாதம்னா ஒரு கை குடுப்பாங்கடா. இது ஒரு குண்டான்.”

நான் சிரிக்கவில்லை. ஒவ்வொரு வேளையும் கேனை நிறுத்துக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் காலை கணவாயைக் கடந்தோம். ஒன்பதாம் நாள் சாலையில் இறங்கியபோது கேனில் அரை லிட்டர் மீதமிருந்தது. ஒருவரும் பின்தங்கவில்லை, ஒருவரும் நோய்ப்படவில்லை.

ரயிலில் ரெஜினா மேடம் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். “மிச்ச எண்ணெய்ல நீங்க செஞ்சதை எல்லாரும் பாத்தாங்க. மத்ததையும் எல்லாரும் பாக்கணும். பயண அறிக்கையில உங்க கைப்பட எழுதுங்க. எழுதினதை அவர் முன்னாடி நின்னு படிங்க,” என்றார். அவ்வளவுதான்.

சென்னை சேர்ந்த மறுநாளே பட்டினப்பாக்கம் போய், வீட்டைத் தேடி அலைந்தேன். ஏழுமலையின் வீட்டு வாசலில் அவர் மனைவி மீன் கூடையில் ஐஸ் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன். அவர் நிமிரவில்லை.

“எண்ணெ திருடின சமையக்காரன் வூடு எங்கன்னு கேட்டிருந்தா சட்டுனு காட்டியிருப்பாங்களே. அலைஞ்சிருக்க மாட்ட சார். நான் மீன் குடுக்கற ஆழ்வார்பேட்ட பக்கத்துலகூடக் கேட்டுட்டாங்க.”

ஏழுமலை உள்ளேயிருந்து வந்தார். “இன்னா சார், இன்னும் எவ்ளோ லிட்டர் என் கணக்குல எழுதணும்?”

தவறு என்னுடையது என்று சொன்னேன். அறிக்கை எழுதியிருப்பதாகவும், நிலையத்துக்கு வந்து கேட்க வேண்டும் என்றும் சொன்னேன். ‘நீங்கள்’ என்று அழைத்தேன். அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் மனைவி கவனித்தார்.

“படிச்சா எவன் சார் நம்புவான்?” என்றார் ஏழுமலை. “படிச்சவன் படிச்சவனுக்குப் படிப்பான். எரிச்சுக் காட்டு. அன்னிக்கி என்னப் பாத்துக்கினு நின்னானுங்களே, அத்தினி பேரும் இருக்கணும்.”

அவர் கேட்டது நியாயம். அடுத்த சனிக்கிழமை நண்பகல், பயிற்சி மாணவர்கள் எட்டுப் பேரும் அலுவலகத்தாரும் நிலையத்தின் மொட்டைமாடியில் கூடினார்கள். ஒரே மாதிரி இரண்டு ஸ்டவ், ஒரே எடையுள்ள இரண்டு பாத்திரம், இரண்டிலும் இரண்டு லிட்டர். ஒன்றில் தொட்டித் தண்ணீர். மற்றதற்கு ஏழுமலை மீன் பெட்டியில் ஐஸ் கொண்டு வந்திருந்தார். பெரிய தவலையில் அதைக் கரைத்து, இரண்டு பாகை வரும்வரை அவரே வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூட்டத்தில் இருந்த ஒரு மயிலாப்பூர்ப் பையன் மூக்கைப் பொத்தினான். “வாசன புடிச்சா கிட்ட வா, புடிக்காட்டி அப்பால நில்லு. தண்ணி சூடாவறதுக்கு சாமி கும்புடத் தேவயில்ல,” என்றார் ஏழுமலை. எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவர் பக்கம் இருந்தது.

தொட்டித் தண்ணீர் கொதித்து ஆவி விட்டபோது, ஐஸ் தண்ணீர் கை வைக்கும் சூட்டில் இருந்தது. அதுவும் கொதித்தபின் இரண்டு ஸ்டவ்களையும் எல்லார் முன்னிலையிலும் தராசில் எடை பார்த்தேன். ஒன்றில் பத்துப் பங்கு எரிந்தால் மற்றதில் பதினாறு பங்கு. இது கடல் மட்டத்தில், காற்றில்லாமல்.

பிறகு அறிக்கையை எடுத்தேன். என் வாழ்நாளில் எத்தனையோ கூட்டங்களில் நின்று படித்திருக்கிறேன், குரல் தடுமாறியதில்லை. அன்றும் தடுமாறவிடவில்லை. சோதனை தவறான நீரில் நடத்தப்பட்டது; எரிபொருள் பற்றாக்குறைக்கு உணவுப் பொறுப்பாளரின் கணக்கே முழுக் காரணம்; சமையற்காரர் அதனை உரிய நேரத்தில் சுட்டிக்காட்டியும் ஏற்கப்படவில்லை; அவர்மீது எழுந்த ஐயம் ஆதாரமற்றது. கீழே என் பெயரும் பட்டமும் கையொப்பமும் இருந்தன.

ரெஜினா மேடம் எழுந்தார். இனி எந்தச் சோதனையும் ஐஸ் தண்ணீரில்தான், படிவத்தின் முதல் கேள்வி நீரின் தொடக்க வெப்பமாகத்தான் இருக்க வேண்டும் என்று சொன்னார். எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் காகிதத்தை மடித்தேன்.

“அதக் குடு சார்,” என்றார் ஏழுமலை.

வாங்கி, விரலை வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்தார். பாதியில் விரல் நின்றது.

“இதுல சமையக்காரர், சமையக்காரர்னு நாலு எடத்துல கீது. எந்தச் சமையக்காரர்? என்னத் திருடன்னு சொன்னவன் எல்லாம் பேரச் சொல்லித்தான் சொன்னான். பேரப் போடு.”

ரெஜினா மேடம் தன் பேனாவைத் திறந்து என்னிடம் நீட்டினார். நான்கு இடங்களிலும் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, மேலே ‘எம். ஏழுமலை’ என்று எழுதினேன். அடித்தல் திருத்தல் இருந்தால் ஒவ்வொன்றின் அருகிலும் சிறு கையொப்பம் இட வேண்டும் என்பது அலுவலக விதி. நான்கும் இட்டேன். “சீலு,” என்றார் ஏழுமலை. அலுவலக முத்திரையைக் கொண்டுவரச் சொல்லி அதையும் வைத்தேன். ஒரு நகல் எடுத்துக் கொடுப்பதாகச் சொன்னேன். நகல் அலுவலகத்தில் இருக்கட்டும், இது தனக்கு என்றார். அவர் மனைவி மீன் விற்கும் தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் காட்ட வேண்டுமாம்.

ஆனால் காகிதத்தை அவர் உடனே சட்டைப் பையில் வைக்கவில்லை. என்னிடம் திருப்பி நீட்டினார்.

“இப்ப படி சார்.”

பயிற்சி மாணவர்கள் படிக்கட்டில் இறங்கத் தொடங்கியிருந்தார்கள். ரெஜினா மேடம் கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினார். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வெயிலில் நின்று, எம். ஏழுமலை என்று நான்கு இடத்திலும் பெயர் சொல்லி, முதல் வரியிலிருந்து மீண்டும் படித்தேன்.